பஸ்ஸில் ஏறுவதற்கு முன் நடந்த பாடம்

போன கிழமை பாடசாலை விட்டு வரும்போது நடந்தது. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு "பஸ்ஸட்ட யன்ன, பஸ்ஸட்ட யன்ன" என்று கத்துகிறார். பின்னுக்குப் போகச் சொல்கிறார், ஆனால் பின்னுக்கும் இடமில்லை. எனக்கு நாலைந்து பேர் தள்ளி, வெள்ளைச் சீருடையோடு ஒரு பிள்ளை நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஒருவன் பிரேக் போடும்போதெல்லாம் சாய்ந்தான். பிரேக் போடாத போதும் சாய்ந்தான். பிள்ளை முதுகில் இருந்த புத்தகப் பையைச் சரிசெய்து இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகும் அவன் விடவில்லை.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு போனை எடுத்து வட்ஸ்அப்பில் எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை இதுதான்.

சந்தைப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு சிங்களத் தாய்தான் எழும்பினார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துத் தன் சீட்டில் இருத்தினார். பிறகு அவன் பக்கம் திரும்பி "மல்லி" என்று கூப்பிட்டு, "அங்கே பின்னால் உமக்கு நல்ல இடம் இருக்கிறது" என்று முழு பஸ்ஸுக்கும் கேட்கச் சொன்னார். ஏச்சும் இல்லை, சண்டையும் இல்லை. அடுத்த ஹோல்ட்டில் அவன் இறங்கிவிட்டான்.

மறுநாள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். "அந்தப் பிள்ளை முன்பக்கமாக நின்றிருக்கலாமே", "ஊசி ஒன்று வைத்திருக்க வேண்டும்", "தனியாக அனுப்பும் உம்மா வாப்பாவைச் சொல்ல வேண்டும்" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லா ஆலோசனையும் அந்தப் பிள்ளைக்குத்தான். சாய்ந்தவனுக்கு யாரிடமும் ஓர் ஆலோசனை இல்லை.

அப்போதுதான் பயிற்சிக் கலாசாலைக் காலத்தில் வாசித்த ஒரு பழைய துண்டுப் பிரசுரம் ஞாபகத்துக்கு வந்தது. 1956 டிசம்பரில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொன்ட்கொமரி என்ற நகரத்தில் வெளியிடப்பட்டது. பஸ்ஸில் மரியாதையில்லாமல் நடப்பவர்களை எப்படி எதிர்கொள்வது என்பதற்காகவே எழுதப்பட்டது.

ரோசா பார்க்ஸின் கதை எல்லோருக்கும் தெரியும். 1955 டிசம்பர் 1 ஆம் திகதி வெள்ளையருக்கு ஆசனத்தை விட்டுக்கொடுக்க மறுத்தார், கைதானார், அதிலிருந்து பகிஷ்கரிப்பு தொடங்கியது. வகுப்பில் நாமும் அதோடு நிறுத்திவிடுகிறோம். அதற்கு முன்னுள்ள கதையும் பின்னுள்ள கதையும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வதில்லை.

முன்கதை ஓர் ஆசிரியையின் கதை. ஜோ ஆன் ரொபின்சன் என்பவர் அங்கிருந்த கறுப்பினத்தவரின் அரச கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்தவர். 1949 இல் விடுமுறைக்குப் போகும் சந்தோசத்தில் ஏறக்குறைய வெறுமையாக இருந்த ஒரு பஸ்ஸில் ஏறி, தெரியாமல் முன்பக்கமாக உட்கார்ந்துவிட்டார். சாரதி எழும்பி வந்து, அடிக்கப் போகிறவன்போல் கையை ஓங்கிக் கத்தினான். அவர் அழுதுகொண்டே இறங்கி ஓடினார். ஒரு கல்லூரி ஆசிரியைக்கே இந்த நிலைமை.

அந்த நகரத்து பஸ்களில் 36 ஆசனங்கள். முன்னால் உள்ள 10 வெள்ளையருக்கு மட்டும். ஒரு வெள்ளையர்கூட ஏறாவிட்டாலும் அந்தப் பத்தும் வெறுமையாகவே போகும், பக்கத்தில் கறுப்பினப் பெண்கள் நின்றுகொண்டு வருவார்கள். காசை முன்வாசலில் கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலால் ஏற வேண்டும். சில சாரதிமார் காசை வாங்கிக்கொண்டு, பின்வாசலுக்குப் போவதற்குள் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இத்தனைக்கும் அந்த பஸ்களில் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். யாருடைய காசில் பஸ் ஓடியதோ அவர்களுக்குத்தான் இந்த நடத்தை.

ரொபின்சன் அந்த அவமானத்தை மறக்கவில்லை. பெண்கள் அரசியல் பேரவை என்ற அமைப்பில் சேர்ந்து தலைவியானார். 1954 மே மாதத்திலேயே, நிலைமை மாறாவிட்டால் பஸ்களைப் பகிஷ்கரிக்கும் பேச்சு அடிபடுகிறது என்று மேயருக்குக் கடிதம் எழுதினார். ரோசா பார்க்ஸ் கைதான இரவு தன் மாணவர்கள் இருவரின் உதவியோடு கல்லூரியில் விடியும்வரை ரோனியோ அடித்தார். பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்கள். (ரோனியோ மை படிந்த விரலோடு வினாத்தாள் அடித்த மூத்த ஆசிரியர்மாருக்கு அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்று விளங்கும்.)

டிசம்பர் 5 ஆம் திகதி பகிஷ்கரிப்பு தொடங்கியபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் முதலாவது எது தெரியுமா? ஆசனம் அல்ல. பஸ் ஊழியர்கள் மரியாதையாக நடக்க வேண்டும் என்பது. ஆசன விசயத்தில்கூட ஆரம்பத்தில் கேட்டது முழுச் சமத்துவத்தை அல்ல. முதலில் வருபவருக்கு முதலில் ஆசனம், நாங்கள் பின்னாலிருந்தும் அவர்கள் முன்னாலிருந்தும் நிரப்பி வருவோம் என்பதுதான். அதைக்கூட நகரசபையும் கம்பனியும் கொடுக்கவில்லை. மக்கள் 381 நாட்கள் நடந்தார்கள். சிலர் கார்களில் பங்குபோட்டுக்கொண்டு போனார்கள். கடைசியில் பஸ்ஸில் இன அடிப்படையில் ஆசனம் பிரிப்பது சட்டவிரோதம் என்று 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

வென்றாகிவிட்டது. இனி ஏற வேண்டியதுதானே? அங்கேதான் கஷ்டம் தொடங்கியது. நீதிமன்றக் கட்டளை வந்தாலும் பக்கத்து ஆசனத்தில் உட்காரப் போவது அதே வெள்ளைக்காரன். அவனுடைய வாயையும் கையையும் எந்த நீதிமன்றத்தாலும் கட்டிப்போட முடியாது.

ஆகவே ஏறுவதற்கு முன் பாடம் நடந்தது. மார்ட்டின் லூதர் கிங் தன் புத்தகத்தில் இதை விவரமாக எழுதியிருக்கிறார். தேவாலயத்தின் முன்பக்கத்தில் பஸ்ஸைப்போல வரிசையாகக் கதிரைகளைப் போட்டார்கள். ஒருவர் சாரதி, சிலர் வெள்ளைப் பயணிகள், சிலர் கறுப்பினப் பயணிகள். வெள்ளையராக நடிப்பவர் ஏச வேண்டும், தள்ள வேண்டும். மற்றவர் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டும். முடிந்ததும் சபையார் அதைப்பற்றிக் கலந்துரையாடுவார்கள். வெள்ளையராக நடித்தவர் சில வேளை அளவுக்கு மீறி உற்சாகமாகி, மெதுவாகக் கண்டிக்க வேண்டியதாகிவிடுமாம். பொறுக்க வேண்டியவர் பாத்திரத்தை மறந்து திருப்பி அடித்துவிடுவதும் உண்டாம். பாடசாலைகளுக்கும் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

நம் கலாசாலையில் 'பாத்திரமேற்று நடித்தல்' என்று ஒரு கற்பித்தல் முறை சொல்லித் தந்தார்கள். செயல்முறைப் பரீட்சைக்கு மேற்பார்வையாளர் வரும் நாளில் மட்டும் செய்துவிட்டு மறந்துபோன ஒன்று. ஒரு முழு நகரமே அதைச் செய்து பார்த்திருக்கிறது.

டிசம்பர் 19 ஆம் திகதி மொன்ட்கொமரி முன்னேற்றச் சங்கம் அந்தப் பிரசுரத்தை வெளியிட்டது. சாரத்தை என் சொற்களில் தருகிறேன். யாராவது ஏசினால் திருப்பி ஏசாதீர்கள், தள்ளினால் தள்ளாதீர்கள், அடித்தால் அடிக்காதீர்கள். வென்றுவிட்டோம் என்று பெருமையடிக்காதீர்கள். வேறு இடம் இருக்கும்போது வேண்டுமென்றே வெள்ளையர் பக்கத்தில் போய் உட்காராதீர்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒரு வார்த்தை அனுமதி கேளுங்கள். பிரச்சினை வந்தால் குறைவாக, மெதுவாகப் பேசுங்கள், ஆனால் ஆசனத்தை விட்டு எழும்பாதீர்கள், பெரிய விசயமென்றால் சாரதியிடம் முறையிடுங்கள். முதல் சில நாட்கள், பொறுமையில் நம்பிக்கையான ஒரு நண்பரோடு ஏறுங்கள். எல்லா வெள்ளையரும் எதிரிகள் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசி ஆலோசனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. உங்களால் தாங்க முடியாது என்று தோன்றினால், இன்னும் ஒன்றிரண்டு கிழமை நடந்தே போங்கள் என்கிறது. 381 நாள் நடந்த மனிதர்களிடம்! தன் கோபத்தின் அளவு தெரிந்தவன் ஏறாமல் இருப்பதும் போராட்டத்துக்குச் செய்யும் உதவி என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

ஒரு வரியில் மட்டும் நான் ஒவ்வொரு முறையும் தடுமாறுவேன். இன்னொருவர் தாக்கப்பட்டால் அவரைக் காப்பாற்ற எழும்ப வேண்டாம், அநியாயம் செய்பவருக்காகப் பிரார்த்தியுங்கள் என்று அது சொல்கிறது. இதை எப்படி ஏற்பது? அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு கைகலப்பு நடந்தால் போதும், "இவர்களோடு ஒன்றாகப் பயணம் செய்ய முடியாது" என்று சொல்லி எல்லாவற்றையும் திருப்பிப் போடக் காத்திருந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் எழும்பாமல் இருந்தது கூடிப் பேசி, ஒத்திகை பார்த்து எடுத்த முடிவு. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது அப்படியல்ல. அந்த வரியை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள எந்த வழியும் இல்லை. அதே பிரசுரம் அடுத்த வரியிலேயே, உங்கள் இயல்புக்கு ஏற்றபடி புதிய வழிகளைப் பரீட்சித்துப் பார்க்கவும் பயப்பட வேண்டாம் என்று சொல்கிறது. சந்தைப் பையோடு வந்த அந்தத் தாய் செய்தது அதைத்தான். "மல்லி" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு.

டிசம்பர் 21 காலையில் கிங்கும் தோழர்களும் முதல் பஸ்ஸில் ஏறினார்கள். சாரதி மரியாதையாக வரவேற்றான். எல்லா இடமும் அப்படி இருக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணை ஒருவன் கன்னத்தில் அறைந்தான். அவர் திருப்பி அடிக்கவில்லை. அந்தச் சின்ன ஆளின் கழுத்தைத் தனியாகவே முறித்திருப்பேன், முதல்நாள் கூட்டத்தில் கேட்டதற்காகத்தான் விட்டேன் என்று பிறகு சொன்னாராம். சில நாட்களில் பஸ்களை நோக்கிச் சுடத் தொடங்கினார்கள். ஒரு கர்ப்பிணித் தாய்க்குக் கால்களில் குண்டு பட்டது. 1957 ஜனவரி 10 ஆம் திகதி நான்கு தேவாலயங்களுக்கும் இரண்டு போதகர்களின் வீடுகளுக்கும் குண்டு வைத்தார்கள். அவ்வளவுக்குப் பிறகும் பஸ்ஸில் சேர்ந்து உட்காருவது நின்றுவிடவில்லை.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. கிங்கின் புத்தகத்திலேயே இருக்கிறது. தங்கள் பக்கத்தில் இவ்வளவு ஆயத்தம் நடந்தபோது, வெள்ளையர் பக்கத்தில் தங்கள் ஆட்களைத் தயார்படுத்த யாரும் முன்வரவில்லை. மரியாதையோடு நடந்துகொள்ளுங்கள் என்று சின்னதாக ஓர் அறிக்கை விடும்படி வெள்ளைப் போதகர்களின் சங்கத்திடம் கேட்டுப் பார்த்தார்கள். சிலர் சாதகமாகப் பேசினார்கள், பெரும்பான்மையானவர்கள் தலையிடப் பயந்தார்கள். ஏச்சு வாங்கப் போகிறவர்களுக்கு வாரக்கணக்கில் பயிற்சி. ஏசப் போகிறவர்களுக்கு ஒரு மணித்தியால வகுப்புக்கூட இல்லை.

எங்கள் ஆசிரியர் அறையும் அதுதானே? இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் வாழ்நாளில் ஒரு தடவையாவது தொந்தரவுக்கு ஆளான பெண்கள் 90 வீதம் என்றும், பொலிஸுக்குப் போனவர்கள் 4 வீதம் மட்டுமே என்றும் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு சொன்னது. 1995 இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவின்படி இது குற்றம். தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு முறையிட 1955 என்ற இலக்கமும் இருக்கிறது (ரோசா பார்க்ஸின் ஆண்டு, மனப்பாடம் செய்ய லேசு). ஊசி, பை, முன் சீட், நேரத்தோடு வா என்று நம் பெண் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே பயிற்சி நடக்கிறது. பையன்களை இருத்தி வைத்து ஒரு பாடவேளை யார் எடுத்தோம்?

அதனால் செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் தரத்தில் கதிரைகளை இரண்டிரண்டாகப் போட்டு நடுவில் பாதை விட்டேன். பெண் பிள்ளைகள் ஒரு பக்கமாக இருந்து பார்த்தார்கள். நடித்தவர்கள் எல்லோரும் பையன்கள். ஒருவன் கொண்டக்டர், ஒருவன் பையோடு நிற்கும் 'ராத்தா', ஒருவன் சாய்கிறவன், மீதிப் பேர் பயணிகள். பயணிகளுக்கு நான் எதுவுமே சொல்லிக்கொடுக்கவில்லை. பஸ்ஸில் இருப்பதுபோல இருங்கள் என்றேன், அவ்வளவுதான்.

சாய்கிறவன் மொன்ட்கொமரியில் நடந்ததுபோலவே அளவு மீறிவிட்டான். 'ராத்தா' பையைச் சுழற்றி ஒன்று போட்டான். வகுப்பே சிரிப்பு. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிரிப்பு அடங்கிய பிறகுதான் பயணிகளைக் கவனித்தேன். ஒருவன் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்தான். இருவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இல்லாத போனை உள்ளங்கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

"சேர், சரியா இப்படித்தான் நடக்கும்" என்றாள் ஓரத்தில் இருந்த ஒரு மாணவி.

இரண்டாம் தடவை செய்தோம். யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழும்பி, "ராத்தா, இங்க இருங்க" என்று கதிரையைக் காட்டினான். பிறகு சாய்கிறவனைப் பார்த்து என்ன சொல்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தான். எனக்கும் சட்டென்று ஒன்றும் வரவில்லை. "நானா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று பின்னாலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அதையே சொன்னான். முதல் தடவை குரல் வெளியே வரவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னோம்.

அடுத்த கிழமை பத்தாம் தரத்திலும் செய்யவிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். அந்த வகுப்பில் நானும் ஒரு பயணியாக உட்காரப் போகிறேன்.