மதுரை நகரப் போக்குவரத்துத் திட்டமிடல்

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என விரியும் வீதிகள் தேருக்கும் நடைக்கும் அமைந்தவை. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்ததும் வெளிவீதிகள் உருவாகி, ஊர் பரவத் தொடங்கியது. 1889இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலம் வைகையின் இரு கரைகளையும் இணைத்தது. பாலம் முடியும் கோரிப்பாளையத்தில் நெரிசல் நீண்டகாலச் சிக்கலானது.

பின்னாளில் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையமும் உத்தங்குடி–கப்பலூர் சுற்றுச்சாலையும் வெளியூர் வண்டிகளை நகருக்கு வெளியே திருப்பின. நத்தம் சாலையின் 7.3 கி.மீ. பறக்கும் பாலம் 2023இல் திறக்கப்பட்டது.

திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கி.மீ. மெட்ரோ ரயில் திட்டம், கோயிலை ஒட்டிய நெருக்கமான பகுதியில் சுரங்கவழியாகச் செல்லும்படி வகுக்கப்பட்டது. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு இதைத் திருப்பி அனுப்பியது; 2011 கணக்கெடுப்பின்படி மதுரையின் மக்கள்தொகை, மெட்ரோவுக்கு வேண்டிய 20 லட்சத்தை எட்டவில்லை என்பது முக்கியக் காரணம். 2011க்குப் பின் வளர்ந்த புறநகர்களை அந்தப் பழைய கணக்கு காட்டாது என்பதால் அதைக் கொண்டு மதுரையை அளப்பது பொருந்தாது. ஊமச்சிகுளம், திருநகர் போன்ற புறநகர்களில் வாழ்வோருக்கு நகரப் பேருந்தும் ஷேர் ஆட்டோவுமே கைகொடுக்கின்றன. மெட்ரோ வந்தாலும் வராவிட்டாலும், அகலமான நடைபாதையும் கூடுதல் பேருந்துகளும் உடனடித் தேவை.