ஓரத்தில் நடப்பது என்ன? – மீனாட்சிசுந்தரம் முதல் வரதன் வரை

கொச்சித் தமிழர் வரலாறு என்றாலே மிளகு, சுக்கு வியாபாரம், சலவைத் தொழில், கோயில் என்றுதான் எழுதிவருகிறோம். கணிதத்திலும் நமக்கு ஒரு கதை உண்டு. நம்ம பிள்ளைகளுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பக்கத்துத் திருச்சூரில் 1913-இல் பிறந்தவர் மீனாட்சிசுந்தரம். சென்னை லயோலா கல்லூரியில் படித்து, ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். லாப்லாஸ் இயக்கி குறித்து, ஸ்வீடன் நாட்டு பிளெய்ஜெலுடன் சேர்ந்து 1949-இல் அவர் வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அந்த இயக்கிதான் நீள்வட்டவகைச் சமன்பாடுகளுக்கெல்லாம் தாய்.

அது என்ன சமன்பாடு? மட்டாஞ்சேரி குடோன் வாசலில், நாலு பக்கமும் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தார்ப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கும் ஒரே கனமாக நனைந்தால் நடுவில் தொய்யும். ஓரத்தில் தொய்வு பூஜ்யம். உள்ளே எல்லா இடத்திலும் தொய்வு உண்டு. இதுவே நேர்மறைத் தீர்வு.

ஓரத்தை நெருங்கும்போது அது எப்படிக் குறைகிறது என்பதே கேள்வி. ஓரம் வழவழப்பாக இருந்தால் துணி சாய்வோடுதான் வந்து சேரும், தட்டையாக வராது என்று 1952-இல் ஹோப் நிறுவினார். சதுர மூலையிலோ அந்தச் சாய்வு மறைந்துவிடும். 'ட' போல உள்நோக்கி வளைந்த மூலையில் சாய்வு மிகச் செங்குத்தாகும். இன்னொரு வேடிக்கை: நடுவே தனித்து நிற்கும் ஒற்றைப் புள்ளியை ஓரம் என்று அறிவித்தால், அது துணியைத் தாங்கவே தாங்காது! இதை 1911-இலேயே போலந்து அறிஞர் ஸரெம்பா காட்டினார். அப்படியானால் ஓரம் என்பது எது?

இங்கேதான் நம்மவர் வருகிறார். 1940-இல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகம் வழியாக 1963-இல் நியூயார்க் கூரண்ட் நிறுவனம் சென்றவர் எஸ்.ஆர்.எஸ். வரதன். அவர் துறை நிகழ்தகவு. அந்தத் துறையார் இதைப் பார்க்கும் விதமே வேறு: கண்ணைக் கட்டிய ஒருவர் உள்ளே இலக்கின்றி அலைகிறார், ஓரத்தைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. சராசரியாக எவ்வளவு நேரம் அலைவார்? அந்த நேரத்துக்கும் தார்ப்பாயின் தொய்வுக்கும் ஒரே சமன்பாடுதான். ஒற்றைப் புள்ளியை அவர் தொடவே மாட்டார். அதனால்தான் அது தாங்குவதில்லை.

1994-இல் பெரெஸ்டிக்கி, நிரென்பெர்க் இருவருடன் வரதன் எழுதிய கட்டுரை இதையே அளவுகோலாக்கியது. எந்த ஓரத்தை நெருங்கும்போது அந்த நேரம் பூஜ்யமாகிறதோ, அங்கே மட்டும் தீர்வும் பூஜ்யமாகட்டும் என்றார்கள். ஓரம் எவ்வளவு கரடுமுரடானாலும் கவலையில்லை. உள்ளே பெருக்கம், ஓரத்தில் இழப்பு – இதில் எது ஜெயிக்கும் என்பதை முதன்மை ஐகன் மதிப்பு என்ற ஒரே எண் சொல்லிவிடும். நேர்மறை என்றால் இழப்பு. எதிர்மறை என்றால் பெருக்கம். துண்டாகிப்போன காட்டில் ஓர் உயிரினம் பிழைக்குமா என்ற கேள்விக்கும் இந்த எண்தான் பதில். காட்டையோ காயல் கரையையோ யாரும் ஸ்கேல் வைத்து வரையவில்லையே!

2007-இல் வரதனுக்கும் 2015-இல் நிரென்பெர்க்குக்கும் ஆபெல் பரிசு கிடைத்தது. உயர்கணிதம் தமிழில் சொல்ல வராது என்று பிள்ளைகள் சொன்னால், மழைக்காலத்தில் ஒரு சதுரத் தார்ப்பாயைக் காட்டுங்கள். பக்கத்தின் நடுவிலும் மூலையிலும் உள்ள சாய்வை அவர்களே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பாடம் அங்கிருந்து தொடங்கலாம்.