சோழமண்டலத் துணி ஓவியத்தில் வெள்ளையும் பச்சையும்

இன்றைய துணி அச்சில், வடிவத்தின் நிறமற்ற பகுதியில் மை படிவதில்லை; அங்கே துணியின் நிறமே தெரிகிறது. ஒளி ஊடுருவும் சாயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படியுமிடத்தில் புதிய நிறம் தோன்றுகிறது. இவ்விரு நெறிகளும் 18ஆம் நூற்றாண்டுச் சோழமண்டலக் கைவினைஞர் நன்கறிந்தவையே.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் போலியே 1734 அளவில் எழுதிய குறிப்பும், இயேசு சபைத் துறவி கேர்தூ 1742இல் எழுதிய மடலும் அவர்தம் செய்முறையை விளக்குகின்றன. கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில், சிவப்பு வேண்டிய இடங்களில் படிகார நீரைத் தீட்டிச் சாயவேருடன் கொதிக்க வைத்தனர். படிகாரம் படாத இடங்களில் ஏறிய மங்கிய சாயத்தைச் சாண நீரில் ஊறவைத்து வெயிலில் வெளுத்தனர். பின்னர் நீலம் வேண்டாத பகுதிகளை மெழுகால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் தோய்த்தனர். வெள்ளைக்கெனச் சாயம் இல்லை. சாயம் ஏறாது காக்கப்பட்ட துணியே வெள்ளை. பச்சைக்கும் தனிச் சாயம் இல்லை. நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டினர்.

அம்மஞ்சள் ஒளியில் விரைந்து மங்குவது. ஆகவே அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள துணிகள் பலவற்றில் இலைகள் நீலமாகக் காணப்படுகின்றன. அதனைக் கைவினைஞரின் தேர்வெனக் கொள்வது பிழை. அத்துணிகளைப் படமெடுத்து அப்படியே மீள அச்சிடும்போது காலத்தின் இழப்பே மூல வடிவமாகிவிடுகிறது. பழுப்பேறிய வெற்றுத் துணியும் மையால் நிரப்பப்படுகிறது. இலைகளில் எஞ்சிய மஞ்சள் தடத்தை ஆராய்ந்து, பச்சையை இரு அடுக்குகளாகவும் வெள்ளையை வெற்றிடமாகவும் பதிவு செய்வதே முறையான மீட்பாகும்.