சீமையகத்தியும் கரப்பானும்

கேமரன் மலையின் வடபால், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே அமைந்தது கோலா தெர்லா. தேயிலைத் தோட்டங்களும் காய்கறிக் கொல்லைகளும் சூழ்ந்த ஊர். 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தோட்டத்தைத் தொடங்கிய பின்னர் இம்மலையில் தேயிலை பரவிற்று. தேயிலையோடு தமிழரும் ஏறி வந்தனர். வந்தவர்கள் தம் கைம்மருந்தையும் நினைவிற் கொண்டுவந்தனர். ஆனால், வறண்ட நிலத்து மரமாகிய வேம்புக்கு இம்மலையின் ஈரமும் குளிரும் ஒவ்வா. கொழுந்து பறிப்போரின் கைகளோ பனியிலும் மழையிலும் நாள்தோறும் நனைவன. நனைந்து உலரும் தோல் வெடிக்கும். வெடித்த தோல் அரிக்கும். ஆகவே, தோலுக்கு எந்த இலை என்னும் கேள்வி இங்கே ஏட்டுக் கேள்வியன்று.

விடை காணுமுன் நோயின் பெயரைத் தெளிதல் வேண்டும். நம் மொழியில் அரிப்பு நோய்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. வட்டமாய், விளிம்பு சிவந்து பரவுவது படை. அது பூஞ்சையால் வருவது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது. கரப்பான் தொற்றுவதன்று. தோல் வறண்டு, தடித்து, சிலபோது நீர் கசிந்து, ஆறியதுபோல் தோன்றி மீண்டும் எழுவது அது. மேலை மருத்துவர் எக்சிமா என்பது பெரும்பாலும் இதனையே. பால வாகட நூல்கள் குழந்தைகளின் கரப்பானைப் பல வகையாகப் பிரித்துப் பேசுகின்றன. கத்தரிக்காயையும் கருவாட்டையும் ‘கரப்பான் பண்டம்’ என்று விலக்கும் பாட்டிமார் இன்றும் உள்ளனர்.

இனி இலைக்கு வருவோம். மலாயாவில் தமிழரும் மலாய்க்காரரும் ஒருங்கே அறிந்த தோல் மருந்து சீமையகத்தி. மெழுகுவத்தி நட்டாற்போல் மஞ்சட் பூங்கதிர் நிமிர்ந்து நிற்கும் செடி. இதனை அகத்தியர் காலத்து மருந்து என்று சொல்வாரும் உளர். அது பொருந்தாது. ‘சீமை’ என்னும் அடைமொழியே இது கடல் கடந்து வந்தது என்று ஒப்புக்கொள்கிறதே! இச்செடியின் தாயகம் வெப்ப அமெரிக்கா. தாய்லாந்து மக்கள் இதனைச் ‘சும்ஹெட் தேட்’ என்பர். ‘தேட்’ என்றால் அயல்நாட்டது. நம் ‘சீமை’யும் அவர்தம் ‘தேட்’டும் ஒரே பொருளன. பிலிப்பைன்ஸ் மக்களோ ‘அகபுல்கோ’ என்றே அழைக்கின்றனர். அகபுல்கோ மெக்சிகோ நாட்டுத் துறைமுகம். 1565 முதல் 1815 வரை அங்கிருந்து மணிலாவுக்கு ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. கீழ்த்திசைக்குச் செடி வந்த வழிகளுள் அதுவும் ஒன்று என்று கொள்ளுதல் தகும். ஊர்ப்பெயரே செடிப்பெயராய் நின்று வரலாறு சொல்வது சுவையானது.

மலாய்மொழியில் இதற்குக் கெலிங்காங் என்றும் டாவுன் கூராப் என்றும் பெயர். டாவுன் இலை, கூராப் படை. ஆகப் ‘படை இலை’. மலாய்க்காரர் பெயரிலேயே நோயைக் குறித்துவிட்டனர். நம்மவரும் இதன் இலையை எலுமிச்சம் சாறு விட்டு அரைத்துப் படைக்கே பூசினர். இலையில் உள்ள கிரைசோஃபனால், ரெயின் முதலிய பொருள்கள் பூஞ்சையை அடக்குவன என ஆய்வு காட்டியுள்ளது. பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை ஏற்ற பத்து மூலிகைகளுள் இதுவும் ஒன்று. பூஞ்சை நோய்க்கென்றே ஏற்றனர்.

இந்தக் காரமான சாற்றை, அரிப்பு ஒன்றே என்று எண்ணிக் கரப்பானில் பூசினால் என்னாகும்? வெடித்த தோல் மேலும் எரிந்து புண்ணாகும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 1952இல் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு கரப்பானுக்குப் பயன்படுவது தெரியவந்தது. அது பெரும்பேறே. ஆயினும் இவ்வகைக் களிம்பைப் படையில் தடவினால் சிவப்பு மறையும். பூஞ்சையோ உள்ளே பரவும். இவ்வாறு உரு மறைந்த படைக்கு 1968இல் இங்கிலாந்து மருத்துவர் இருவர் தனிப்பெயரே இட்டனர். படை வேறு, கரப்பான் வேறு என்று பழகிய நாவுக்கு இவ்விரு பிழையும் எளிதில் நேரா. ஆனால், சொல் எப்போதும் காக்கும் என்றும் சொல்வதற்கில்லை. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும்; அதனைக் காளாஞ்சகப்படைக்குப் பூசுவர். அப்பெயரில் ‘படை’ உண்டு. நோயோ பூஞ்சையால் வருவதன்று, தொற்றுவதுமன்று.

அங்ஙனமாயின் கரப்பானுக்கு எது? இலையை விட, இலையைக் காய்ச்சிய எண்ணெயே அங்குப் பெரும்பணி செய்தது என்பது என் கருத்து. 2014இல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வு ஒன்றில் கரப்பான் கண்ட 117 குழந்தைகளை எட்டு வாரம் பார்த்தனர். தேங்காயெண்ணெய் பூசியோர்க்கு நோயின் கடுமை ஏறத்தாழ 68 விழுக்காடு குறைந்தது; கனிம எண்ணெய் பூசியோர்க்கு 38 விழுக்காடே. இது மிதமான கரப்பானுக்கு உரிய செய்தி. நீர் வடிந்து மஞ்சட் பொருக்குக் கட்டிய கரப்பானுக்கு எண்ணெயும் இலையும் போதா; கோலா தெர்லாவில் உள்ளவர் தானா ராத்தா மருத்துவமனைக்குச் செல்லத்தான் வேண்டும்.