சித்தூர்ப் பாளையங்களும் படைக்கல உரிமையும்

படைக்கலம் வைத்திருத்தல் குடிமக்களின் உரிமையா, அரசு வழங்கும் இசைவா என்னும் வினாவிற்கு நாடுகள் தரும் விடை அவற்றின் வரலாற்றைச் சார்ந்தது. அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் (1791) குடிப்படையைச் சுட்டி அதனை உரிமையாக்கியது. 2008இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதனைத் தனிமனித உரிமையென உறுதிசெய்தது. இந்தியாவில் அது இசைவாகச் சுருங்கியது. அவ்வரலாற்றின் ஒரு கூறு சித்தூர்ப் பகுதியில் புலப்படுகின்றது.

சித்தூர், திருப்பதி வட்டாரங்களின் மலைசார்ந்த நிலப்பகுதிகளில் பாளையக்காரர் அதிகாரம் செலுத்தினர். காவல் அவர்தம் கடமை. ஆயுதமேந்திய வீரர்களே அவர்தம் தகுதிக்கு அடிப்படை. 1801 சூலையில் கருநாடக ஆட்சி கும்பினியின் கைக்கு மாறியது. அவ்வாண்டு திசம்பர் 1ஆம் நாள் ஆளுநர் எட்வர்டு கிளைவு வெளியிட்ட அறிவிப்பு, தென்பாளையங்களில் படைக்கலங்களைத் தடைசெய்தது. 1804இல் சித்தூர்ப் பாளையக்காரர் சிலர் கிளர்ந்தெழ, கும்பினிப்படை அவர்களை அடக்கியது.

1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் இந்தியர்க்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. விடுதலை இந்தியாவின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் இனவேறுபாட்டிற்கு இடந்தரவில்லை. எனினும் உரிம முறையைத் தொடர்ந்தது.

இரு நாடுகளிலும் படைக்கலம் தொடக்கத்தில் பொதுக்காவலோடு பிணைந்திருந்தது. அங்கு அப்பிணைப்பு நெகிழ்ந்தபோது உரிமை தனிமனிதரைச் சேர்ந்தது. இங்குக் காவலும் படைக்கலமும் ஒருசேர அரசைச் சேர்ந்தன எனக் கொள்ளலாம்.