அடைவூக்கமும் அம்பத்தூர் ஷெட்டும்: ஓர் உளவியல் கோட்பாட்டை கொரட்டூர் வட்டாரத்தில் வைத்துப் பார்த்தல்

ஒருவரை உழைக்கத் தூண்டுவது எது? அவருக்குள் இருக்கும் வேட்கையா, அவருக்கு வாய்க்கும் இடமா? இருபதாம் நூற்றாண்டு உளவியல் பெரும்பாலும் முதல் விடையின் பக்கமே சாய்ந்தது. பாடி, கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் என்று நீளும் தொழில் வட்டாரத்தின் வரலாறு இரண்டாவது விடைக்கும் வலுவான சான்று தருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1938-இல் ஹென்றி முர்ரே மனிதத் தேவைகளை வகைப்படுத்தினார். அவற்றில் ஒன்று, சிறப்பாகச் செய்து முடிக்க வேண்டும் என்ற தேவை. 1943-இல் ஆபிரகாம் மாஸ்லோ தேவைகளைப் படிநிலையாக அடுக்கினார்; பசியும் பாதுகாப்பும் கீழே, தன் ஆற்றலை முழுமையாக வெளிக்கொணரும் தேவை மேலே. (இன்று எல்லாப் பாடநூல்களிலும் காணப்படும் முக்கோணப் படத்தை அவர் வரையவில்லை. பின்னால் வந்த மேலாண்மை எழுத்தாளர்களின் கைவேலை அது.) சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தோன்றியதும் அதே 1943-இல்தான்.

முர்ரேயின் பட்டியலிலிருந்து சிறப்பாகச் செய்து முடிக்கும் அந்த ஒரே தேவையை, அதாவது அடைவூக்கத்தை, எடுத்து, அதைக் கொண்டு நாடுகளின் வளர்ச்சியையே விளக்க முயன்றவர் ஹார்வர்டின் டேவிட் மெக்லீலண்ட். 1961-இல் வெளிவந்த அவரது நூல், குழந்தைகளின் பாடப்புத்தகக் கதைகளில் அடைவூக்கம் எவ்வளவு வெளிப்படுகிறது என்று அளந்து, அதைப் பிற்காலப் பொருளாதார வளர்ச்சியோடு ஒப்பிட்டது. வளர்ச்சிக்கு அவர் கொண்ட முதன்மையான அளவுகோல்களில் ஒன்று மின் உற்பத்தி. மனத்தின் வேகத்தைக் கரண்ட் யூனிட்டில் அளந்தார் என்று சொன்னால் கொஞ்சம் குறும்பாகத் தோன்றும். ஆனால் முறை அதுதான்.

அடைவூக்கத்தைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்ற கேள்விக்கு அவர் விடை தேடி வந்த இடம் இந்தியா. 1964-65-இல் ஹைதராபாத்தின் சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்துக்குக் காக்கிநாடாவின் வியாபாரிகள் குழு குழுவாக வரவழைக்கப்பட்டனர். படங்களைப் பார்த்துக் கதை எழுதினார்கள்; தங்கள் கதைகளில் அடைவூக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தாங்களே மதிப்பெண் போடக் கற்றார்கள்; ஏற்க வேண்டிய சவாலின் அளவைக் கணிக்க விளையாட்டுகள் ஆடினார்கள்; வரும் ஆண்டுகளுக்கு இலக்கு எழுதி வைத்தார்கள். இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் தொழிலைச் சுறுசுறுப்பாக விரித்திருந்தனர். பயிற்சி பெறாதவர்களில் கால்பங்கினரே அப்படி. 1969-இல் டேவிட் விண்டருடன் சேர்ந்து அவர் இதை நூலாக்கினார். சாதியும் மரபும் இந்தியத் தொழில் முயற்சிக்குப் பெருந்தடை என்று சொல்லிவந்த மேலைநாட்டு அறிஞர்களுக்கு இந்த முடிவு நல்ல பதில்.

எனினும் அந்த நூலில் அதிகம் பேசப்படாத ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. பயிற்சியின் பலன் தெளிவாகத் தெரிந்தது, தொழிலைத் தானே நடத்தி முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களிடம்தான். பிறருக்குக் கீழே இருந்தவர்களிடம் ஊக்கம் கூடினாலும் அது செயலாக மாறவில்லை. என் பார்வையில் ஆய்வின் மிக முக்கியமான வரி இதுதான். அதை வைத்து எழுதியிருக்க வேண்டிய அடுத்த நூல் வரவேயில்லை.

காக்கிநாடா வியாபாரிகளுக்கு ஹைதராபாத்தில் வகுப்பு தொடங்கிய அதே 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. 1958-இல் கிண்டியில் செய்து பார்த்ததை இன்னும் பெரிய அளவில் செய்தார்கள். அக்கம்பக்கம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ், 1959-இல் டன்லப். பாடியில் 1960-க்கும் 1962-க்கும் இடையே வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் வேண்டும். பேட்டையில் ஷெட்டும் மின் இணைப்பும் கிடைக்கும். ஆலையில் டர்னராகவோ ஃபிட்டராகவோ கை பழகியவர் ஒரு லேத் வாங்கிப் போட்டு ஜாப் ஒர்க் எடுக்க வழி பிறந்தது. 1967 முதல் மத்திய அரசு சில பொருள்களைச் சிறுதொழிலுக்கு மட்டுமே ஒதுக்கியது இன்னொரு துணை. அடைவூக்க வகுப்பு எதிலும் உட்காராத ஒரு தலைமுறை இங்கே முதலாளிகளானது. அவர்களிடம் வேட்கை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வேட்கையோடு சேர்ந்து ஷெட்டும் கரண்டும் ஆர்டரும் ஒரே நடை தூரத்தில் இருந்தன.

அடைவூக்கம் மட்டும் போதுமா என்ற ஐயத்தை இந்திய உளவியலாளர்கள் அப்போதே எழுப்பினர். ஜெய் பி. பி. சின்ஹா 1968-இல் வெளியிட்ட சோதனை, வளம் குறைவாக உள்ள நிலையில் அடைவூக்கம் மிகுந்தவர்கள் சேர்ந்தால் குழுவின் பயன் கெடுகிறது, ஒத்துழைக்கும் நாட்டம் கொண்டவர்களே நன்றாகச் செய்கிறார்கள் என்று காட்டியது. அதே ஆண்டு உதய் பரீக், பிறர் நலனுக்காக உழைக்கத் தூண்டும் ஊக்கமும் வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்றார். போட்டியாளர்களே சங்கம் அமைத்து, இயந்திரக் கண்காட்சி நடத்தும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு இவ்விருவரின் கருத்தும் மெக்லீலண்டைவிட நன்றாகப் பொருந்துகிறது.

முதலாளியாகாமல் ஆலைக்குள்ளேயே இருந்தவர்களின் கதை வேறு. 1998-இல் பாடியின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் விருதை வென்றது; இந்தியாவில் அதுவே முதல். 2004-இல் லூகாஸ்-டிவிஎஸ்ஸும் பெற்றது. தரக் கட்டுப்பாட்டின் வெற்றியாகவே இவை எழுதப்படுகின்றன. ஆனால் தொழிலாளி தன் இயந்திரத்தின் குறையைத் தானே ஆராய்ந்து, மாற்றம் சொல்லி, அது ஏற்கப்படுவதையும் பார்க்கும் முறை அந்தத் தரக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. காக்கிநாடாவில் உரிமையாளருக்கு மட்டும் இருந்த முடிவெடுக்கும் இடத்தில் ஒரு துண்டு, பாடியில் ஷாப் ஃப்ளோருக்கு இறங்கி வந்தது என்று இதை வாசிக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தத் துண்டும் கிடைப்பது அரிது. அவரிடம் ஊக்கம் போதவில்லை என்று குறைசொல்லும் மேலாளர்கள் இதை யோசிக்க வேண்டும்.

2012-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய புதிய தொழில்முனைவோர் திட்டம் பயிற்சியோடு 25 விழுக்காடு மூலதன மானியத்தையும் வட்டிச் சலுகையையும் சேர்த்தே தந்தது. பயிற்சி மட்டுமே தந்த காக்கிநாடா முயற்சியில் விடுபட்ட பாதி இந்த மானியமும் சலுகையும்தான்.

அறுபதுகளில் பேட்டைக்குள் நுழைந்த முதல் தலைமுறையினரில் இருப்பவர்களுக்கு இன்று எண்பது வயதை ஒட்டியிருக்கும். அவர்களுடைய கணக்குப் புத்தகங்களையும் நினைவுகளையும் பதிவு செய்யும் வேலையைச் சென்னையின் உளவியல், பொருளாதாரத் துறைகள் சேர்ந்து உடனே தொடங்க வேண்டும்.