ஏறுகிறவன் செலவில் கயிறு

என் தாத்தா உடன்குடிப் பக்கத்துப் பனையேறி. தை பிறந்து பாளை வந்தால் ஆவணி வரைக்கும் காலையும் மாலையும் ஏறுவார். ஒரு வேளைக்கு முப்பது, நாற்பது பனை. அவரிடம் இருந்த கருவிகள் சொற்பம்: அடிமரத்தில் சாத்தி முதல் எட்டு வைக்க ஒரு முருக்குத்தடி, இடுப்பில் அருவாப்பெட்டி, அதற்குள் பாளை அரிவாள், பதநீர் இறக்கக் கலயம், பாதங்களைப் பிணைக்கத் தளைநார்.

தளைநார் என்பது பனை மட்டையில் உரித்த நாரை ஊறவைத்து முறுக்கிய வளையம். அதை இரு பாதங்களிலும் மாட்டிக்கொண்டால் கால்கள் விலகாது. உள்ளங்கால்கள் மரத்தை இரு பக்கமும் கவ்வும். உடம்பின் எடை எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு பிடி இறுகும். கைகளால் மரத்தைக் கட்டிக்கொண்டு, இரு கால்களையும் ஒருசேர மேலே இழுத்து, ஊன்றி, மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும். தாத்தாவின் நெஞ்சிலும் முன்கைகளிலும் கறுத்துக் கிடந்த காய்ப்பு அப்படி வந்தது. பனையிலிருந்து எடுத்த நாரே பனையில் ஏற்றிவிடுகிறது. இதைவிட எளிய, இதைவிடப் புத்திசாலித்தனமான ஒரு கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் அது பிடிப்பது காலை மட்டும்தான். மேலே கை நழுவினால் ஆளைத் தாங்க எதுவும் இல்லை.

தெலங்கானாவில் கள் இறக்கும் கௌடுகளிடம் மோகு என்ற கயிறு உண்டு. அது இடுப்பையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றும். சாய்ந்து நின்றுகொண்டு இரண்டு கையாலும் வேலை செய்யலாம். எங்கள் தெற்கில் பெரும்பாலும் அந்தக் கயிறு இல்லை. வெயில் ஏறுவதற்குள் நாற்பது மரம் ஏறியாக வேண்டியவனுக்கு, ஒவ்வொரு மரத்திலும் கயிற்றைச் சுற்றி அவிழ்ப்பது நேரக்கேடு என்று தோன்றியிருக்கும். எத்தனை மரம் ஏறினான் என்பதில்தானே அவன் வீட்டு அடுப்பு எரிந்தது.

அப்பா பனையை விட்டுவிட்டுப் பம்பாயில் தாராவிக்கு வந்தார். 1880களில் தோல் ஷாப்புகள் தொடங்கிய காலத்திலிருந்தே திருநெல்வேலிச் சீமை ஆட்கள் வந்து சேர்ந்த இடம் அது. அங்கே குடியேறிய பிறகுதான் பக்கத்து மாஹிமும் ஒரு காலத்தில் மரமேறிகளின் ஊராக இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. மாஹிம் முழுக்கத் தென்னந்தோப்பு. அதில் கள் இறக்கியவர்கள் பண்டாரிகள். கொங்கண் கரையில் தென்னந்தண்டில் படி வெட்டி ஏறும் வழக்கம் உண்டு. கோவாவில் அப்படி வெட்டுப்பட்ட தென்னைகளை நானே பார்த்திருக்கிறேன்.

1878இல் பம்பாய் ஆப்காரிச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் கள் இறக்கக் கூடாது. இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி. பண்டாரிகள் எதிர்த்துப் பார்த்தார்கள், சர்க்கார் இறங்கி வரவில்லை. எந்த மரம் யாருடையது, எதில் பாளை சீவியிருக்கிறது என்பதெல்லாம் சர்க்காருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த மரத்தில் ஏறுகிறவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்பது யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை. இந்தத் தொழிலின் வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

எங்கள் ஊரிலும் அதே கதை. சேலத்தில் 1937இல் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. பதநீர் இறக்கலாம், கள் இறக்கக் கூடாது. வந்த அதிகாரி கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருக்கிறதா என்று மோந்து பார்ப்பார், தொட்டுப் பார்ப்பார். தளைநார் நைந்திருக்கிறதா என்று அவர் பார்த்ததாகத் தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை. பம்பாயில் 1949ஆம் வருஷ மதுவிலக்குச் சட்டமும் கள்ளைத்தான் பார்த்தது.

நான் இப்போது செம்பூரிலும் மாட்டுங்காவிலும் குடியிருப்புச் சொசைட்டிகளுக்குத் தேங்காய் இறக்கி, கிளை கழிக்கும் வேலை எடுத்துச் செய்கிறேன். 2017 ஜூலையில் செம்பூரில் நடந்து போன ஒரு பெண் மேல் தென்னை விழுந்து அவர் இறந்துபோனார். அதன் பிறகு மழைக்கு முன்னால் எங்களைக் கூப்பிடாத சொசைட்டி குறைவு.

மாட்டுங்காவின் தூங்குமூஞ்சி மரங்கள் வேறு வித்தை கேட்கும். குடை மாதிரி விரிந்த கிளைகளில் தளைநார் செல்லாது. வலுவான கவட்டை பார்த்துக் கயிற்றை மேலே போட்டு, ஒரு நுனியை இடுப்பில் மாட்டிய ஹார்னஸில் கட்டி, மறுபக்கத்துக் கயிற்றில் ஒரு சிறு கயிற்றால் முடிச்சுப் போட்டு அதையும் ஹார்னஸோடு இணைப்போம். அந்த முடிச்சைக் கையால் தள்ளினால் நகரும், உடம்பின் பாரம் விழுந்தால் இறுகிப் பிடிக்கும். இந்த வகை முடிச்சுகளில் பெயர்பெற்றதை 1931இல் உலகுக்குச் சொன்னவர் கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி. பாரத்தால் இறுகும் பிடி என்பது தாத்தாவின் தளைநாருக்கும் தெரிந்த சங்கதிதான். புருசிக்கின் முடிச்சு ஆளையே பிடிக்கிறது, அதுதான் வேறுபாடு.

தென்னையில் கவட்டை கிடையாது. தண்டைச் சும்மா வளைத்த கயிறு சறுக்கினால் ஆளோடு சேர்ந்து கீழே வரும். அதனால் சுருக்குப் போட்டாற்போல் தண்டை இறுக்கும் கயிறு ஒன்று வேண்டும். அரிவாளோ ரம்பமோ ஓடும் நேரத்தில் இரண்டாவதாக இன்னொன்றும் கட்டியே ஆக வேண்டும். ஒரு வீச்சில் முதல் கயிறு அறுபடலாம். அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே இசட் 133 என்ற பாதுகாப்பு விதி இருக்கிறது. மரம் கழிக்கும்போது மகனை இழந்த ஒரு தாய் விடாமல் வற்புறுத்தியதால் பிறந்தது அது.

இங்கேயும் கொஞ்சம் அசைந்திருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் கருவி கொண்டு தென்னையேறப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது, விபத்துக் காப்பீடும் சேர்ந்தது. 2020இல் கதர் கிராமத் தொழில் ஆணையம் மகாராஷ்டிரத்து டஹாணுவில் நீரா என்னும் பதநீர் இறக்குகிறவர்களுக்குக் கொடுத்த கருவிப் பையில் கடாய், அச்சு, கத்தியோடு கயிறும் இருந்தது. தெலங்கானா அரசு 2024 ஜூலையில் கௌடுகளுக்குப் பாதுகாப்புக் கவசமே கொடுக்க ஆரம்பித்தது. ஆப்காரிச் சட்டம் வந்து நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு!

மும்பையில் மரங்களைக் காக்க 1975ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. மரங்களை எண்ணுவது அதில் சொல்லப்பட்ட கடமைகளில் ஒன்று. அது நல்ல சட்டம், அதனால்தான் மாட்டுங்காவில் இன்னும் நிழல் இருக்கிறது. அந்த மரங்களில் ஏறுகிறவர்களையும் ஒருமுறை எண்ண வேண்டும் என்று நான் போகும் இடமெல்லாம் கேட்கிறேன். என் கொட்டேஷனில் ஆள்கூலிக்குக் கீழே ‘கயிறு, ஹார்னஸ் தேய்மானம்’ என்று தனி வரி போடுகிறேன். சில சொசைட்டிச் செயலாளர்கள் அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். அதே வரியோடு மறுபடி அனுப்புகிறேன். அதை ஒப்புக்கொள்ளாத இடத்தில் என் பையன்களை ஏற்றுவதில்லை.